ஊதுபத்தி காட்டிய காற்று

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கியது. குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளை உள்ளே கிடத்திச் சூடு குறையாமல் வைத்துக்கொள்ளும் பெட்டி. ஸ்விட்சைப் போட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். ஓய்வு பெற்று வீட்டில் கிடக்கும் என்னையும் அதைப் பார்க்க அழைத்திருந்தார்கள். இளம் நர்ஸுகள் சுற்றி நின்றுகொண்டு, இதெல்லாம் இல்லாத காலத்தில் நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அடுப்புக்கரி, ஊதுபத்தி, புளியங்கொட்டைப் பசை என்றேன். கிழவி கேலி பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் கேலி பேசவில்லை. பிறகு அவர்களில் ஒருத்தி, அதை எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். எனக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் உண்டு. அதனால் எழுதுகிறேன்.

நான் நர்ஸானது பெரிய கதை ஒன்றுமில்லை. எனக்கு வளர்த்தி இல்லை, வாய் மட்டும் உண்டு. இந்தக் குள்ளச்சியை எவன் கட்டுவான் என்று கவலைப்பட்ட அப்பா, படிப்பாவது சோறு போடட்டும் என்று பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். ஒன்றரை வருடம் பாத்திரம் கொதிக்க வைத்தேன், துணி அலசினேன், திட்டு வாங்கினேன், பிரசவம் பார்க்கக் கற்றேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய சமயத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியில் பாதி நாள், வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பது பாதி நாள்.

எனக்கு மேலே இருந்தவர் ஒரு பெண் டாக்டர். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மாதான். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. அந்தக் காலத்தில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் இருந்தது. டாக்டரம்மா பேச்சுக்கும் ரேஷன் வைத்திருந்தார். குரலை உயர்த்தித் திட்டியதே கிடையாது. தப்பு செய்தால் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும். அவருடைய தோல்பையில் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் குழாய், காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சி, இவற்றோடு ஒரு கட்டு ஊதுபத்தியும் எப்போதும் இருக்கும். பக்தி அதிகம் போலிருக்கிறது என்று முதலில் நினைத்துக்கொண்டேன்.

அது எதற்கு என்று ஆலங்குடியில் தெரிந்தது. அங்கே ஒரு எண்ணெய்க் கடைக்காரர் வீட்டில் குறைமாதப் பிள்ளை. மார்கழி வாடை. அறையில் மூன்று கணப்புச் சட்டி வைத்துக் கரியைக் கொட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போன எனக்கு வியர்த்துக் கொட்டியது. பிள்ளையின் கால் மட்டும் ஐஸாக இருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கூடக் கரியில் ஓடிய காலம் அது. வீட்டுக்குக் கரி கிடைப்பதே பெரும்பாடு. கடைக்காரர் எங்கெங்கோ ஆள் அனுப்பிக் கரி வாங்கிக் கொட்டியும் பிள்ளைக்குச் சூடு ஏறவில்லை.

டாக்டரம்மா பிள்ளையைத் தொடக்கூட இல்லை. என்னைப் பார்த்து, "படு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. தாயின் பாய்க்குப் பக்கத்தில் வெறுந்தரையைக் காட்டினார். வெள்ளைச் சேலையோடு படுத்தேன். வீட்டார் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, எனக்கு மானம் போயிற்று.

"என்ன தெரியுது?"

"சூடா இருக்கும்மா."

"எங்க?"

"மூஞ்சியில."

"முதுகுல?"

அப்போதுதான் உணர்ந்தேன். கதவுக்கு அடியிலிருந்து தரையோடு தரையாக ஒரு குளிர்காற்று ஊர்ந்து வந்து என் முதுகுக்குக் கீழே நுழைந்தது. நிற்கிறவர்களுக்கு வியர்த்தது, கிடக்கிறவர்களுக்கு நடுங்கியது.

"பிள்ளை கிடக்கிற இடத்துல கிடந்து பார்க்கணும். நிக்கிற இடத்துல இருந்து பார்க்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா. அதுவரைக்கும் அவர் என்னிடம் பேசியதில் மிக நீளமான பேச்சு அதுதான்.

பிறகு வேலை தொடங்கியது. முறையை இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முதலில் கதவைச் சாத்தி, ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். ஆள் நடந்தால் காற்று அலையும். ஊதுபத்தியைக் கொளுத்தி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக மெதுவாக நடக்க வேண்டும். காற்று இல்லாத இடத்தில் புகை நேராக ஏறும். புகை எங்கே வளைகிறதோ அங்கே நின்று, சுண்ணாம்பு தொட்டு ஒரு பொட்டு வைக்க வேண்டும். தரை மட்டத்தில் ஒரு சுற்று, முழங்கால் மட்டத்தில் ஒரு சுற்று, தலை மட்டத்தில் ஒரு சுற்று. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே, ஜன்னல் பலகையின் இடுக்கில், தண்ணீர் போக வைத்த துளையில், எலி தோண்டிய ஓட்டையில் என்று நாம் நினைக்காத இடத்திலெல்லாம் பொட்டு விழும். பெரிய ஓட்டைக்குத் தேங்காய் நார் பிசைந்த களிமண். சிறு விரிசலுக்குப் பழைய செய்தித்தாளைக் கிழித்துப் புளியங்கொட்டைப் பசையில் நனைத்து ஒட்ட வேண்டும். கதவடிக்கு, கிழிந்த வேட்டியைக் குழாயாகத் தைத்து மணல் அடைத்துப் போட வேண்டும். எல்லாம் முடிந்ததும் மறுபடி தரையில் படுத்து, ஒரு ஊதுபத்தி எரிந்து தீரும் மட்டும் கிடந்து பார்க்க வேண்டும்.

மூன்று சட்டி நெருப்பு கேட்ட அந்த அறை, அன்று சாயங்காலம் ஒரு சட்டியோடு அடங்கியது. பிள்ளையின் காலில் சூடு ஏறியது.

ஆனால் மேலே, கூரையை ஒட்டி, கையகலத் துவாரம் ஒன்று இருந்தது. புகை அதை நோக்கித்தான் விறுவிறுவென்று போயிற்று. அதை அடைக்க நான் ஸ்டூலைத் தேடினேன். டாக்டரம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கீழே அடை, மேலே ஒன்றை விடு என்றார். கரியும் மூச்சு விடும், அது விட்ட மூச்சு வெளியே போகாவிட்டால் நம் மூச்சு நின்றுபோகும் என்றார். கரி சிவந்து புகை அடங்கிவிட்டால் ஆபத்து இல்லை என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது, புகை இல்லாத கரிதான் சத்தம் போடாமல் கொல்லும் என்பதையும் திரும்பி வரும்போது ஜட்கா வண்டியில் சொன்னார். நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

அடுத்த இரண்டு குளிர்காலத்தில் நான் தனியாகவே பல வீடுகளுக்குப் போனேன். பொன்னமராவதி பக்கம்கூடக் கூப்பிட்டார்கள். எனக்கு ஊதுபத்தி நர்ஸ் என்று பேர் விழுந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. காத்து, கருப்பு என்று பேய்களை விரட்டத்தான் பத்தி காட்டுகிறேன் என்று சில வீடுகளில் நினைத்தார்கள். வெற்றிலை பாக்குடன் கற்பூரமும் எடுத்து வைத்தார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. விளக்கம் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், மந்திரம் என்று நினைத்தால் சொன்னபடி நடப்பார்கள் என்பது என் கணக்கு. இளம் வயதுத் திமிர். அதற்கு நான் பட்ட பாட்டைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

திருக்கோகர்ணத்தில் கருப்பையா என்று ஒருவர் இருந்தார். பஸ் கம்பெனியில் வண்டி பழுது பார்க்கும் பிட்டர். அவர் மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு முதல் இரண்டு பிள்ளையும் குறைமாதத்தில் பிறந்து தங்கவில்லை. மூன்றாவதும் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. என் உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்தால் அதன் நீளம். இதுவும் போனால் வள்ளிக்கண்ணு பிழைத்துக் கிடந்தும் புண்ணியமில்லை என்று கருப்பையாவின் அக்காள் என் காதோடு சொன்னாள். விதவையான அந்த அக்காள்தான் அந்த வீட்டை நடத்தினாள்.

சின்ன வீடு. பின்கட்டில் ஒரு மச்சு அறை. மேலே பலகை பரப்பி மண் பூசியிருந்ததால் கூரை வழியாகக் காற்று வராது. கதவும் ஜன்னலும்தான் மோசம். நான் பத்தியைக் கொளுத்தியதும் கருப்பையாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க பஸ்ஸுக்கும் இதே வைத்தியந்தாங்க" என்றார்.

கரி பஸ்ஸுக்கு முதுகில் ஒரு இரும்பு உருளை இருக்கும். அதில் கரி எரிந்து வரும் கேஸ், குழாய் வழியாக இஞ்சினுக்குப் போகும். குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டு, வண்டி மேட்டில் ஏறாமல் படுத்துவிடும். இவர் பத்தியைக் கொளுத்திக் குழாய் நெடுகக் காட்டிக்கொண்டு போவார். எங்கே புகை உள்ளே இழுபடுகிறதோ, அங்கே களிமண்ணைக் குழைத்து அப்புவார். அதுதான் அவருடைய தொழிலே.

அப்படி ஒரு உதவியாள் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. நான் பொட்டு வைக்குமுன் அவர் களிமண்ணோடு நின்றார். கரி படிந்து கறுத்த விரல்களால் அவர் பூசிய பூச்சில் ஒரு நகக்கீறல் இருக்காது. என் கைக்கு எட்டும் உயரம் வரைக்கும் மூன்று சுற்று முடித்தோம். மச்சை ஒட்டி ஒரு துவாரம் இருந்தது. நான் விட்டுவைக்க வேண்டிய துவாரம். நிமிர்ந்து பார்த்தேன். போதும் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். ஏன் போதும் என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் பிள்ளைக்கு நல்ல முன்னேற்றம். பஞ்சில் பொதிந்து, தாய்ப்பாலைப் பீய்ச்சித் துளித்துளியாக விட்டோம், விழுங்கியது. மூன்றாம் நாள் விடிந்தும் விடியாததுமாகப் போனேன். அக்காள் கிணற்றடியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு பேரும் நல்லா தூங்குறாக நர்ஸம்மா. இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் அசந்து தூங்குறாக. உள்ளயே படுத்திருந்த எனக்குத்தான் மண்டை கனக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

கருப்பையா முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாராம். கரி பஸ்ஸைக் கிளப்ப விடியுமுன்பே போய் உருளையை மூட்ட வேண்டும். போகும்போது கணப்புச் சட்டியில் புதுக் கரி போட்டு, நன்றாகச் சிவந்த பிறகு உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கதவைத் திறந்தேன். அறை வெதுவெதுப்பாக, அமைதியாக இருந்தது. வள்ளிக்கண்ணு என்று கூப்பிட்டேன். அசைவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை துவண்டது. அப்போதுதான் நிமிர்ந்து மேலே பார்த்தேன். துவாரத்தில் ஒரு தகரம் வெட்டிப் பொருத்தியிருந்தது. சுற்றிலும் களிமண் அப்பி, கொழுக்கட்டை ஓரத்தை அழுத்துவதுபோல் விரலால் அழுத்திவிட்டிருந்தது. அவ்வளவு நேர்த்தியான வேலை.

பிள்ளையை வாரிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அக்காளைக் கத்திக் கூப்பிட்டு, வள்ளிக்கண்ணுவைப் பாயோடு வெளியே இழுக்கச் சொன்னேன். எந்த வாடைக்காற்று பிள்ளை மேல் படக்கூடாது என்று மூன்று நாள் பாடுபட்டேனோ, அந்தக் காற்றில் பிள்ளையைக் காட்டிக்கொண்டு நின்றேன். மூச்சு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. விரலால் வாயைத் துடைத்துவிட்டு, அதன் மூக்கையும் வாயையும் என் வாயால் மூடி, கன்னத்தில் அடங்கும் அளவு காற்றை மட்டும் ஊதினேன். ஊதினேன், நிறுத்தினேன், ஊதினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. குலதெய்வத்துக்கு என்னவெல்லாமோ நேர்ந்துகொண்டேன். கடைசியில் பிள்ளை முகத்தைச் சுளித்தது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குள் அந்தப் பக்கம் வள்ளிக்கண்ணு வாந்தி எடுக்கத் தொடங்கியிருந்தாள். ஒருத்தி வாந்தி எடுப்பதைப் பார்த்து நான் சந்தோஷத்தில் அழுதது அந்த ஒரு நாள்தான்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். தகரத்தை எடுத்துவிட்டுச் சட்டியை வெளியே வைக்கச் சொன்னார். சோடா பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வைத்தோம். மற்ற நேரமெல்லாம் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டி வைத்தோம். கீழே அடைத்தது அடைத்தபடி இருந்ததால் அந்தச் சூடே போதுமானதாக இருந்தது.

மத்தியானம் கருப்பையா ஓடி வந்தார். நடந்ததை அக்காள் ஒன்றுக்கு நாலாகச் சொன்னாள். பெத்த பிள்ளையைக் கொல்லப் பார்த்தியே என்று நடுத்தெருவில் நின்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்து மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"கேஸு ஆளைச் சாய்ச்சிப்புடும்னு எனக்குத் தெரியுமுங்க. ஷெட்டுல ரெண்டு தரம் நானே மயங்கி விழுந்திருக்கேன். ஆனா அது பஸ்ஸுலங்க. வீட்டுல இருக்கையில அது கணப்புன்னுதாங்க நெனச்சேன்."

பிறகு, "மேல அந்தத் தொளைக்கு ஒங்களுக்குக் கை எட்டலன்னு நெனச்சுத்தாங்க அடைச்சேன்" என்றார்.

அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சுற்றிலும் தெருவே நின்றது. ஊதுபத்தி நர்ஸின் பேர் கெட்டுவிடுமே, வேலைக்கே ஆபத்து வந்துவிடுமே என்று பயந்தேன். வாயாடி என்று பேர் வாங்கியவள், பேச வேண்டிய நேரத்தில் ஊமையாக நின்றேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. தண்ணீர்க் குழாயில், கடையில், பஸ்ஸில் எல்லாம் இதே பேச்சு. கருப்பையா முதல் பஸ்ஸுக்குப் போனால் ராத்திரிக்கும் ஷெட்டிலேயே படுத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு ஒரு தடவை வந்து வாசல்படிக்கு வெளியே நின்று, எப்படி இருக்கு என்று அக்காளிடம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். வள்ளிக்கண்ணு உள்ளேயிருந்து கூப்பிட்டும் படியேறவில்லை. தன் கை ஆகாத கை என்று சொன்னாராம். நான் தினமும் அந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை எடை போட்டுப் பார்த்துவிட்டு, அவர் நின்ற வாசலைத் தாண்டித்தான் வெளியே வந்தேன். ஒவ்வொரு நாளும் குற்றம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. குத்தக் குத்தப் பொறுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பிரசவத்தைப் பற்றியும் டாக்டரம்மாவிடம் எழுதித் தர வேண்டும். உறவினர் காற்றுத் துவாரத்தை அடைத்ததால் விபத்து நேர்ந்தது என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்தத் துவாரம் எதுக்குத் திறந்திருக்குன்னு அவருக்குச் சொன்னியா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். ஒரு வசவு இல்லை, வேலையை விட்டுப் போ என்ற பேச்சும் இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். காரணத்தைச் சொல்லாமல் வந்தது என் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொண்டுபோய்க் கொடுத்ததும் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "இது எனக்கு. அவருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலமே திருக்கோகர்ணத்துக்குப் போனேன். கருப்பையா வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். அக்காள் படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வள்ளிக்கண்ணு பிள்ளையோடு வாசலை ஒட்டிய ரேழி வரைக்கும் வந்திருந்தாள். பிறந்து பதினாறு நாள். பிள்ளை எடை ஏறி, கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. எதிர் வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். இருக்கட்டும் என்று நினைத்தேன். பழி விழுந்தது நாலு பேர் முன்னால்தானே.

"அண்ணே, எனக்குக் கை எட்டாம விடல. வேணும்னுதான் விட்டேன். கரிப்புகை போறதுக்கு அந்த வழி வேணும். அத நான் ஒங்ககிட்டச் சொல்லியிருக்கணும், சொல்லல. நீங்க பஸ்ஸுக்குச் செய்யிற மாதிரி ஒழுங்காத்தான் செஞ்சீங்க. தப்பு என்னோடது" என்றேன்.

முறத்தின் சத்தம் நின்றது. அக்காள் என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். எல்லோரும் என்னைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கருப்பையா திட்டவில்லை. நான் சொன்னதை அவர் மனசுக்குள்ளே திருப்பித் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. வள்ளிக்கண்ணுவின் கையில் துணி சுற்றியிருந்த பிள்ளையைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"அப்ப நான் புள்ளையத் தூக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

நர்ஸுக்கு வரும் பேச்சுத்தான் வாயில் வந்தது. "கையக் கழுவிட்டு வாங்கண்ணே" என்றேன். அவர் படியேறி வீட்டுக்குள் வந்து, எங்களைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கும் சத்தமும் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. கரி படிந்த கைதான், ஆனாலும் அதைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நாங்கள் யாரும் அவரைப் பார்க்கப் போகவில்லை.